கோயில் அடுப்புக்கும் தீக்குழிக்கும் விறகு: வாங்குவதா, வெட்டுவதா, எதைக் கொண்டு வெட்டுவது?

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில், பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகருக்கு வெளியே இருக்கும் எங்கள் சிறிய மாரியம்மன் கோயிலுக்கு ஆண்டுதோறும் ஏறத்தாழ ஆறு டன் உலர்ந்த விறகு வேண்டியிருக்கிறது. ஆடி மாதக் கூழுக்கும், புரட்டாசிச் சனிக்கிழமைகளின் அன்னதானத்துக்கும், தைப்பூசக் காவடிக்கு வருவோருக்கான சமையலுக்கும் நான்கு டன் போகிறது. எஞ்சிய இரண்டு டன் புனித வெள்ளி விடுமுறையன்று நடக்கும் தீமிதிக்கு. கோயிலின் பின்புறச் சரிவில் எங்களுக்குச் சொந்தமான இரண்டு ஏக்கர் நிலத்தில் கறுப்பு வாட்டில் மரமும், நடுநடுவே தைலமரமும் தாமாகவே வளர்ந்து அடர்ந்து கிடக்கின்றன. வீட்டு வாசலில் மரத்தை வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் விறகைக் காசு கொடுத்து வாங்குவது சரியா என்று நிர்வாகக் குழுவில் கேள்வி எழுந்திருக்கிறது. வரும் மே மாதக் கூட்டத்தில் முடிவெடுக்க வேண்டும். எங்களைப் போலவே யோசித்துக்கொண்டிருக்கும் மற்றக் கோயில்களுக்கும் பயன்படலாம் என்பதால், நான் எடைபோட்டுப் பார்த்தவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

சமையலுக்குக் கேஸ் அடுப்பு போதுமே என்று சிலர் சொல்கிறார்கள். நாள்தோறும் நடக்கும் நைவேத்தியத்துக்கு நாங்களும் கேஸைத்தான் பயன்படுத்துகிறோம். ஆனால் அறுநூறு பேருக்குக் கூழ் காய்ச்சும் அண்டாவின் அடிப்பாகம் முழுவதும் ஒரே சீராகச் சூடேற வேண்டுமானால் விறகுத் தணலுக்கு நிகராக எங்களிடம் ஒன்றும் இல்லை. தீக்குழிக்கோ வேறு வழியே கிடையாது. ஆகையால் விறகு தேவையா என்பதை நான் விவாதத்துக்கு எடுக்கவில்லை.

முதலில் மரத்தைப் பற்றி. 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பல் எங்கள் முன்னோரின் முதல் கூட்டத்தை டர்பனில் இறக்கியது. அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து, 1864-இல், டர்பனுக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கும் இடையிலுள்ள கேம்பர்டவுனில் வான் டெர் பிளாங்க் என்பவர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த வாட்டில் விதையை விதைத்தார். பின்னர் தோல் பதனிடுவதற்கான பட்டைக்காகவே இந்த மரம் நேட்டால் முழுவதும் தோட்டம் தோட்டமாக நடப்பட்டது. இதை ஆராய்வதற்கென்றே 1947-இல் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஓர் ஆராய்ச்சி நிலையம் அமைந்தது. ஜூலு மொழியில் இதன் பெயர் உவாட்டேலா. நீலகிரிக்காரர்கள் சீகை மரம் என்று சொல்வதும் இந்த இனத்தையே. நம் ஊர்க் கருவேலத்துக்குத் தாவர வழியில் உறவுக்காரன் என்பதால், வேலங்கட்டைக்குரிய நல்ல குணங்கள் பலவும் இதற்கு உண்டு: உலர்ந்தால் கன மீட்டருக்கு 700 கிலோவை ஒட்டிய எடை, நிதானமான சுவாலை, நெடுநேரம் நின்றெரியும் தணல், கெட்டியான கரி. இம்மாகாணத்தில் கரிச்சூளைக்காரர்கள் இதை விரும்பி வாங்குவதற்கும் காரணம் அதுவே.

தைலமரம், அதாவது இங்கே எல்லோரும் கம் மரம் என்று சொல்வது, வேறு மாதிரி. காகிதத் தொழிலுக்காக அதிகம் நடப்படும் கிராண்டிஸ் இனம் வாட்டிலைவிட இலேசானது. சட்டென்று பற்றிச் சடசடவென எரிந்து சீக்கிரம் தணிந்துவிடும். அடுப்பு மூட்டுவதற்கும் அண்டாத் தண்ணீரைக் கொதிக்க வைப்பதற்கும் அது மிகவும் நல்லது. அதன் நார்நாரான பட்டையைப் போல நெருப்புப் பிடிக்கும் பொருள் வேறு எதையும் நான் கண்டதில்லை. ஆனால் தீக்குழியில் பக்தர்கள் இறங்கும் நேரத்தில் தணல் ஒரே சமமாக, சுவாலை இல்லாமல், செந்நிறத்தோடு படுத்திருக்க வேண்டும். அதற்கு வாட்டில்தான் என் தேர்வு. கடைகளில் பிராய் விறகு, அதாவது இறைச்சி வாட்டும் விறகு, என்று பையில் விற்கும் கட்டைகளில் சிக்கிள் புஷ் என்பது மிகவும் உயர்ந்தது. அது தமிழ்நாட்டுக் கரிசல் காட்டில் நாம் விடத்தேரை என்று சொல்லும் அதே செடி, இரு நாடுகளுக்கும் சொந்தமானது. சிறு பைகளில் வருவதால் ஆறு டன்னுக்கு அதை வாங்கிக் கட்டுப்படியாகாது.

எந்த மரத்தை எரிக்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தம்போட்டி மரத்தின் பால் நஞ்சு. அதன் புகையில் சமைத்த உணவு வயிற்றைக் கெடுக்கும். அரளிக்கட்டை கோயில் வளாகத்தில் கிடைக்கிறதே என்று அடுப்பில் வைக்கக் கூடாது. கேமல் தோர்ன், லெட்வுட், மரூலா ஆகியவை 1998-ஆம் ஆண்டின் தேசியக் காடுகள் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட மரங்கள். அனுமதி இல்லாமல் அவற்றை வெட்டுவதும் விற்பதும் குற்றம். எல்லாவற்றையும்விட ஆபத்தானது, வேலிக்கம்பமாக இருந்த பச்சை நிறம் பாய்ந்த கட்டை. கரையான் அரிக்காமலிருக்கச் செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலந்த மருந்தை அதில் ஏற்றியிருப்பார்கள். அந்தப் புகையும் நஞ்சு, சாம்பலும் நஞ்சு.

இதை நான் ஏட்டில் படித்ததோடு நிற்கவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வியாபாரியிடம் தீமிதிக்கென்று விறகு சொல்லியிருந்தோம். புனித வெள்ளிக்கு நான்கு நாள் முன்பு இரண்டு பக்கி எனும் சிறு சரக்கு வண்டிகளில் வந்து கொட்டிவிட்டுப் போனார். மேலாகப் பார்த்தபோது நல்ல வாட்டில். மறுநாள் அடுப்படியில் இரண்டு கட்டைகளை வைத்துப் பார்த்த எங்கள் தலைமைச் சமையல்கார அக்கா என்னை அழைத்து, “தம்பி, இந்தக் கட்டை அழுதுங்க, வந்து பாருங்க” என்றார். கட்டையின் அறுபட்ட முனையில் நுரை நுரையாகத் தண்ணீர் கொப்பளித்துச் சீறிக்கொண்டு வடிந்தது. சுவாலை மேலே எழாமல் மஞ்சள் புகை அடுப்படியை நிறைத்தது. பிறகு நாங்கள் குவியலைப் பிரித்துப் பார்த்ததில் அடியில் ஆணியடித்த பெட்டிப் பலகைகளும், பச்சை பாய்ந்த ஐந்தாறு கம்பத் துண்டுகளும் இருந்தன. வெறுங்காலோடு பக்தர்கள் நடக்கப்போகும் குழி அது. அந்த நான்கு நாளும் நாங்கள் பட்டபாட்டை விவரிக்க விரும்பவில்லை. பக்கத்துக் கோயில்காரர்கள் தங்கள் கையிருப்பிலிருந்து கொடுத்து உதவியதால்தான் அந்த ஆண்டுத் தீமிதி நடந்தது.

ஆகவே, விறகை வாங்குவது என்ற முதல் வழியை நான் முற்றாகத் தள்ளிவிடவில்லை என்றாலும், அதற்கான நிபந்தனைகள் இருக்கின்றன. பச்சை மரத்தின் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். எடைக்கு விலை பேசிப் பச்சை விறகு வாங்கினால், கொடுக்கும் பணத்தில் பாதி தண்ணீருக்குப் போகிறது. அதன் பிறகு அந்தத் தண்ணீரை ஆவியாக்குவதற்கும் விறகின் வெப்பமே செலவாகிறது: ஈரம் 20 சதவீதத்துக்கு இறங்கிய விறகு கிலோவுக்கு 15 மெகாஜூல் அளவு வெப்பம் தரும் என்றால், பாதி ஈரமுள்ளது 8 மெகாஜூலைத் தாண்டாது. ஆதலால் வாங்குவதானால் கனஅளவுக்கு விலை பேச வேண்டும். வண்டி வந்ததும் நாலைந்து கட்டைகளைப் பிளந்து, புதிதாகப் பிளந்த முகத்தில் ஈரமானியின் இரண்டு ஊசிகளையும் குத்திப் பார்த்த பிறகே இறக்கச் சொல்ல வேண்டும். வெளிப்புறத்தில் குத்தினால் அது காற்றில் காய்ந்த தோலைத்தான் காட்டும். கருவி இல்லாதவர்கள் இரண்டு கட்டைகளை ஒன்றோடொன்று தட்டிப் பார்க்கலாம். காய்ந்தது கணீரென்று ஒலிக்கும், ஈரமானது மொத்தென்று விழும்.

தொலைவிலிருந்து வாங்குவதில் இன்னொரு கேடும் உண்டு. 2017-இல் இதே பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாவரவியல் பூங்காவின் பிளேன் மரங்களில் ஷாட் ஹோல் போரர் என்ற, இரண்டு மில்லிமீட்டர் அளவேயான துளைவண்டு கண்டுபிடிக்கப்பட்டது. தன்னோடு ஒரு பூஞ்சையைச் சுமந்து சென்று மரத்துக்குள் வளர்க்கும் அந்த வண்டு, நாட்டின் பல நகரங்களுக்கும் பரவிவிட்டது. நோயுற்ற மரத்தை விறகாக வண்டியில் ஏற்றிக்கொண்டு போவது அது பரவும் வழிகளில் ஒன்று. வெட்டிய இடத்துக்கு அருகிலேயே எரிப்பதுதான் நல்லது என்பதற்கு இது போதுமான காரணம்.

இனி நம் நிலத்து மரத்தை நாமே வெட்டும் வழிக்கு வருகிறேன். சட்டம் இங்கே நமக்கு எதிராக இல்லை. அந்நிய ஆக்கிரமிப்பு இனங்களுக்கான விதிகளில் கறுப்பு வாட்டில் இரண்டாம் வகையில் வைக்கப்பட்டுள்ளது. அதாவது அனுமதி பெற்று வளர்க்கலாம், அனுமதி இல்லாத நிலத்தில் அதைக் கட்டுப்படுத்துவது நிலத்துக்காரரின் கடமை. ஆற்றோரங்களில் இது நீரைக் குடித்து ஓடையை வற்ற வைக்கிறது. 1995-இல் அப்போதைய நீர்வள அமைச்சர் காதர் அஸ்மல் தொடங்கிய ‘வொர்க்கிங் ஃபார் வாட்டர்’ திட்டம் இத்தகைய மரங்களை வெட்டி அகற்றுவதற்கென்றே ஏற்பட்டது; அவர் நம் பக்கத்து ஸ்டேங்கரில் பிறந்தவர். ஆக, எங்கள் சரிவில் உள்ள வாட்டிலை வெட்டுவது விறகுக்கு விறகும் ஆயிற்று, நாங்கள் செய்யாமல் விட்டிருந்த கடமையும் ஆயிற்று.

ஆனால் வெட்டிய பிறகு என்ன வளரும் என்பதை யோசிக்க வேண்டும். தைலமரம் அடிக்கட்டையிலிருந்தே தளதளவென்று துளிர்க்கும். இரண்டு மூன்று துளிர்களை மட்டும் விட்டுவிட்டால் சில ஆண்டுகளில் மறுபடியும் விறகு. கறுப்பு வாட்டில் அப்படித் துளிர்ப்பது குறைவு; விதையால் வருகிறது. மண்ணில் பல்லாண்டு உறங்கும் அதன் விதைகளை நெருப்பின் சூடு எழுப்பிவிடும். ஆகவே வெட்டி எஞ்சிய மிலாறுகளையும் தழையையும் அதே இடத்தில் குவித்துக் கொளுத்தினால், அடுத்த மழையில் கீரைப்பாத்தி போல வாட்டில் முளைக்கும். குளிர்காலத்தில் பெர்க் காற்று என்ற வறண்ட மலைக்காற்று வீசும் நாளில் ஒரு பொறி பக்கத்துக் கரும்புக்கோ தோட்டத்துக்கோ தாவினால் பழி நம் தலையில் விழும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மிலாறுகளைச் சரிவின் குறுக்கே வரிசையாகப் போட்டு மக்கவிடுவதும், முளைக்கும் கன்றுகளை மழைக்காலத்தில் கையால் பிடுங்குவதும்தான் என் ஆலோசனை.

மரத்தைச் சாய்ப்பது யார்? எங்கள் இளைஞர்கள் சங்கிலி ரம்பம் ஒன்று வாங்கிக் கொடுத்தால் தாங்களே செய்துவிடுவதாகச் சொல்கிறார்கள். அவர்கள் ஆர்வத்தை நான் மதிக்கிறேன். ஆனாலும் இதில் என் பதில் முடியாது என்பதே. மரத்தைச் சாய்க்க, விழவேண்டிய பக்கத்தில் அடிமரத்தின் குறுக்களவில் ஏறத்தாழ கால் பங்கு ஆழத்துக்கு வெட்டுவாய் எடுக்க வேண்டும். பின்பக்கத்திலிருந்து அறுத்து வரும்போது நடுவே பத்தில் ஒரு பங்கு கனத்தில் கீல் போல மரத்தை விட்டுவைக்க வேண்டும். அந்தக் கீல்தான் மரத்தைப் பிடித்து இறக்கும். அது முழுவதும் அறுபட்டால் மரம் எந்தப் பக்கம் போகும் என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு பக்கமாகச் சாய்ந்து வளர்ந்த தைலமரத்தை நேராக அறுத்தால், பாதி அறுபடும்போதே அடிமரம் நெடுக்காகப் பிளந்து பின்னோக்கி எகிறும். அடர்ந்து நிற்கும் வாட்டிலிலோ வெட்டிய மரம் பக்கத்து மரத்தில் மாட்டிக்கொண்டு தொங்கும். அதன் கீழே போய் நின்றவர்கள் உயிரோடு திரும்பாத செய்திகளைக் கேட்டிருக்கிறோம். மரத்தின் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு ஆள் இருக்கக் கூடாது என்பது விதி. ஞாயிற்றுக்கிழமை கரசேவைக்குக் குடும்பத்தோடு வரும் கூட்டத்தில் அந்த விதியை யார் காப்பாற்றுவது? எனவே சாய்க்கும் வேலையைச் சான்றிதழும் காப்பீடும் உள்ள, வாட்டில் தோட்டங்களில் பழகிய ஒப்பந்தக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். இரண்டு நாள் கூலி. ஆறு டன் உலர்ந்த விறகுக்கு ஏறத்தாழ பத்து டன் பச்சை மரம் சாய்க்க வேண்டியிருக்கும் என்பதை அவரிடம் முன்பே சொல்லிவிடலாம்.

சாய்ந்து கிளை கழித்த மரத்தை ஒன்றரை அடித் துண்டங்களாக அறுப்பது நம்மால் ஆகும், பயிற்சி எடுத்த இருவர் இருந்தால். இதற்குத்தான் ரம்பம் வாங்க வேண்டியிருக்கிறது. பெட்ரோலா, பேட்டரியா என்பது குழுவில் நீண்ட நேரம் பேசப்பட்ட விஷயம். 36 வோல்ட் பேட்டரி ரம்பம் சத்தம் குறைவு, புகை இல்லை, பொத்தானை அழுத்தினால் ஓடும். குடியிருப்புகளுக்கு நடுவே, பூசை வேளையில்கூட யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் வேலை செய்யலாம். ஆனால் தொடர்ந்து அறுத்தால் ஒரு மணி நேரத்துக்குள் பேட்டரி இறங்கிவிடும். மாற்றுப் பேட்டரிகள் ரம்பத்தின் விலைக்கு நெருங்கி வருகின்றன. 2023-இல் நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டில் கிடந்ததை நாம் மறந்துவிடவில்லை. பத்து டன்னை இரண்டு வார இறுதிகளில் அறுத்து முடிக்க வேண்டிய எங்களுக்கு 50 சி.சி. பெட்ரோல் ரம்பமும் 40 முதல் 45 சென்டிமீட்டர் பட்டையும், அதாவது சங்கிலி சுற்றி ஓடும் நீண்ட தகடும், பொருந்தும். ஆண்டுக்கு ஒரு டன்னோ இரண்டு டன்னோ அறுக்கும் சிறு கோயிலுக்குப் பேட்டரி ரம்பமே போதும். அங்கே பெட்ரோல் ரம்பம் பதினொரு மாதம் சும்மா கிடந்து கார்புரேட்டர் அடைத்துக்கொள்ளும்.

பெட்ரோல் ரம்பம் வாங்குவோர் அதன் ஒழுங்கையும் சேர்த்து வாங்க வேண்டும். டூ-ஸ்ட்ரோக் எண்ணெயைப் பெட்ரோலில் ஐம்பதுக்கு ஒன்று, அதாவது ஐந்து லிட்டருக்கு 100 மில்லி, அளந்து கலக்க வேண்டும். கண்ணால் பார்த்து ஊற்றக் கூடாது. கலந்ததை ஒரு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. சங்கிலிப் பல் ஒருமுறை மண்ணில் உரசினாலும் மழுங்கிவிடும். கூரான சங்கிலி மரத்திலிருந்து செதிலாக உதிர்க்கும், மழுங்கியது மாவாக உதிர்க்கும். மாவு விழத் தொடங்கியதும் நிறுத்தி, சங்கிலிக்கேற்ற வட்ட அரத்தால் ஒவ்வொரு பல்லையும் ஒரே எண்ணிக்கையில் இழுத்துத் தீட்ட வேண்டும். பட்டையின் மேல்நுனி எதிலாவது பட்டால் ரம்பம் முகத்தை நோக்கி எகிறும்; அதற்காகத்தான் முன்னால் சங்கிலித் தடுப்பு இருக்கிறது, அது வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டும். ரம்பத்தின் இரைச்சல் 100 டெசிபலைத் தாண்டுவதால் காதுக் கவசமும், தலைக்கவசமும், கால்களை மூடும் வெட்டுத்தடுப்பு உடையும் ரம்பத்தோடு ஒரே ரசீதில் வரவேண்டும். அதற்குப் பணம் போதவில்லை என்றால் ரம்பத்தையே வாங்க வேண்டாம்.

என் கருத்தில் குழு அதிகம் யோசிக்காமல் விட்டது பிளப்பதும் உலர்த்துவதுமாகும். ரம்பத்தின் விலையை மூன்று கூட்டங்களில் பேசினோம். விறகை உலர வைக்கும் கொட்டகையைப் பற்றி ஒரு நிமிடம்கூடப் பேசவில்லை. துண்டமாகக் கிடக்கும் மரம் பட்டைக்குள் ஈரத்தைப் பூட்டி வைத்துக்கொள்கிறது. பிளந்த மறுநாளிலிருந்துதான் உலரத் தொடங்குகிறது. பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும் என்பதற்கு இன்னொரு காரணம், தைலமரத்தின் முறுக்கிய நார் காய்ந்துவிட்டால் கோடாலி உள்ளே போகாமல் துள்ளும், ஆப்பும் சம்மட்டியும் இல்லாமல் நடக்காது. வாட்டில் பச்சையில் ஒரே அடியில் இரண்டாகப் பிளந்து, உள்ளே இளஞ்சிவப்பாக முகம் காட்டும். பழகிய கை உள்ள நால்வர் கோடாலியால் ஒரு நாளில் நிறையவே பிளப்பார்கள். ஆனால் எங்கள் கரசேவைக்கு வருவோரில் பாதிப்பேர் அறுபது வயதைத் தாண்டியவர்கள். ஆதலால் பெட்ரோல் எஞ்சின் பூட்டிய ஹைட்ராலிக் பிளப்பானை இரண்டு நாளுக்கு வாடகைக்கு எடுப்பது நல்லது. இரு கைகளாலும் இரு பிடிகளை அழுத்தினால்தான் ஓடும் வகையாகக் கேட்டு வாங்க வேண்டும். அப்போதுதான் கை உள்ளே போக வழியில்லை. ஆண்டுக்கு இரண்டே நாள் வேலைக்கு அதைச் சொந்தமாக வாங்குவது வீண்.

காலக்கணக்கு இந்த ஊருக்கே உரியது. நேட்டாலில் மழை அக்டோபர் முதல் மார்ச் வரை, குளிர்காலம் வறண்டது. தீமிதியோ மார்ச் கடைசியிலோ ஏப்ரலிலோ, மழைக்காலம் முடியும் தறுவாயில் வருகிறது. மே மாதத்தில் சாய்த்து, ஜூன் பிறப்பதற்குள் பிளந்து அடுக்கிவிட்டால் நான்கு மாத வறண்ட காற்று நம் பக்கம் வேலை செய்யும். தை மாதத்தில் வெட்டிப் பங்குனியில் எரிக்க நினைப்பவர்கள் தண்ணீரை எரிக்கிறார்கள். அடுக்கின் அடியில் கட்டைகளைப் போட்டுத் தரையிலிருந்து ஒரு சாண் உயர்த்தி, காற்று வரும் திசைக்கு முகம் காட்டி, ஓராள் உயரத்துக்கு மேல் போகாமல் அடுக்க வேண்டும். செப்டம்பர் கடைசிக்குள் மேலே தகரம் வேய வேண்டும். பக்கவாட்டை மூடக் கூடாது. பிளாஸ்டிக் தாளால் முழுவதும் போர்த்திய அடுக்கு உள்ளுக்குள்ளேயே வியர்த்துப் பூஞ்சணம் பிடித்ததை நான் என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

ஆகவே நான் குழுவின் முன் வைக்கப்போவது இதுதான். மே மாதத்தில் ஒப்பந்தக்காரர் வாட்டிலையும் அதனுள் பாய்ந்துள்ள தைலமரத்தையும் சாய்த்துக் கிளை கழித்துத் தரட்டும். பயிற்சி முடித்து வரும் இருவருக்கு ஒரு 50 சி.சி. ரம்பமும் முழுக் கவசமும் வாங்குவோம். பிளப்பான் வாடகைக்கு வரட்டும். மீதிப் பணம் முழுவதையும் நான்கு தூண், தகரக் கூரை, இரண்டு பக்கமும் திறந்த கொட்டகைக்குப் போடுவோம். இந்த ஆண்டு ரம்பம் வாங்க முடியாமல் போனாலும் கொட்டகை கட்டியே ஆக வேண்டும். இவ்வாண்டு வெட்டும் மரம் இந்த ஆடிக்கும் புரட்டாசிக்கும் உலர்ந்திருக்காது என்பதால், அவற்றுக்கு மட்டும் கடைசியாக ஒருமுறை வெளியிலிருந்து வாங்குவோம், ஈரமானியைக் கையில் வைத்துக்கொண்டு. தீக்குழிக்குரிய இரண்டு டன் வாட்டிலைத் தனி அடுக்காகத் தென்புறத் தூணருகே வைத்து, மாதத்தின் முதல் ஞாயிறன்று ஒரு கட்டையைப் பிளந்து ஈரத்தை அளந்து, அந்த எண்ணைத் தேதியோடு தூணில் சாக்கட்டியால் எழுதி வைக்கும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன்.